சர்க்கரையை நிறுத்தினால் சாப்பாடு சரியாகிவிடுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன்: "அண்ணன் குடும்பம் லண்டனில் இருக்கிறது. ஒரு வருடமாக வீட்டுக்குள் வெள்ளைச் சர்க்கரையே வருவதில்லை. பிள்ளைகளுக்கு டயட் கோக், டீக்கு நாட்டுச்சர்க்கரை இல்லாவிட்டால் தேன், பெரியவர்களுக்கு சுகர் ஃப்ரீ பிஸ்கட். சர்க்கரை போனாலே பாதி நோய் போய்விடும் என்கிறார் அண்ணன். வளர்ந்த நாடுகளில் சர்க்கரையின் அளவுக்கும் மொத்தச் சாப்பாட்டின் தரத்துக்கும் என்னதான் தொடர்பு?"

தொடர்பு நிச்சயமாக உண்டு. சர்க்கரை எக்கச்சக்கமாகப் போகிற வீட்டில் சாப்பாடு பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, சர்க்கரையைக் குறைத்துவிட்டால் சாப்பாடு நன்றாகிவிடும் என்று சொல்ல முடியாது. அண்ணன் இருப்பது பிரிட்டன் என்பதால் அந்த நாட்டை வைத்தே விளக்குகிறேன். கடந்த பத்து ஆண்டுகளில் சர்க்கரையைக் குறைக்க பிரிட்டன் அளவுக்குப் பாடுபட்ட நாடுகள் குறைவு. என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதையும் அங்கே அளந்து வைத்திருக்கிறார்கள்.

எந்தச் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பழத்தைக் கடித்துச் சாப்பிடும்போது கிடைக்கும் சர்க்கரையும், பாலில் இயல்பாக இருக்கும் லாக்டோஸும் இந்தக் கணக்கில் வராது. கம்பெனியோ, சமைப்பவரோ, சாப்பிடுபவரோ சேர்க்கும் சர்க்கரை, அதோடு தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் இருப்பது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஃப்ரீ சுகர்ஸ். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் இதற்குள் அடக்கம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது: ஒரு நாளில் சாப்பிடும் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இது இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே. அதே ஆண்டு பிரிட்டன் அரசின் ஊட்டச்சத்து அறிவியல் குழு நேராக 5 சதவீதத்தையே இலக்காக வைத்தது. பெரியவர்களுக்கு நாளைக்கு 30 கிராம், அதாவது ஏழு டீஸ்பூன். ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 24 கிராம், நான்கு முதல் ஆறு வயதுக்கு 19 கிராம். 330 மி.லி. சாதாரண கோக் கேனில் 35 கிராம் இருக்கிறது. ஒரு கேனிலேயே பெரியவரின் கணக்கு முடிந்துபோகிறது.

அந்தக் குழு தன் அறிக்கையில் இன்னொன்றையும் சொன்னது. நார்ச்சத்தை நாளைக்கு 30 கிராமாக உயர்த்த வேண்டும். இரண்டும் 30 கிராம்தான், இரண்டும் ஒரே அறிக்கையில்தான் இருந்தன. பத்திரிகைத் தலைப்புக்குப் போனது சர்க்கரை மட்டும். நார்ச்சத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

2016 மார்ச்சில் அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் குளிர்பான வரியை அறிவித்தார். 2018 ஏப்ரல் 6 முதல் அது அமலுக்கு வந்தது. வரியை வடிவமைத்த விதம்தான் இதில் கெட்டிக்காரத்தனம். 100 மி.லி.யில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரி கிடையாது. அமலுக்கு வந்தபோது 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ் என்று இருந்தது. வாங்குபவரைத் தண்டிப்பது நோக்கம் அல்ல; தயாரிப்பவர் தன் பானத்தை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுத்தார்கள். அது பலித்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிராக நினைக்கும் ஐர்ன் புரு பானத்தில் 100 மி.லி.க்கு 10.3 கிராமாக இருந்த சர்க்கரை 2018 ஜனவரியில் 4.7 கிராமாக இறங்கியது. பழைய சுவை போய்விடுமே என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கிய ரசிகர்களும் உண்டு. முதலில் ஆண்டுக்கு 520 மில்லியன் பவுண்டு வரும் என்று கணக்குப் போட்டிருந்த அரசு, கம்பெனிகள் இப்படி இறங்கி வந்ததால் அந்த மதிப்பீட்டைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டியிருந்தது. வரி வசூல் குறைந்ததே வெற்றிக்கு அடையாளம். வரிக்குள் வரும் பானங்களில் சராசரிச் சர்க்கரை 2015க்கும் 2020க்கும் இடையில் சுமார் 46 சதவீதம் குறைந்தது.

பலனும் தெரிந்தது. வரி வந்த பிறகு 18 வயது வரையிலான பிள்ளைகள் சொத்தைப் பல் பிடுங்குவதற்காக மருத்துவமனையில் சேர்வது, வரி வராமல் இருந்திருந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 12 சதவீதம் குறைவாக இருந்தது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பத்து பதினோரு வயதுச் சிறுமிகளிடையே உடல்பருமன் 8 சதவீதம் குறைவு. பையன்களிடம் அப்படி எதுவும் தென்படவில்லை, சின்னக் குழந்தைகளிடமும் இல்லை. வரி மட்டுமே இவ்வளவையும் செய்ததா என்று கேட்கலாம்தான். ஆனாலும் ஒரு பொதுச் சுகாதார நடவடிக்கைக்கு இது நல்ல மதிப்பெண் என்றே சொல்வேன். பால் கலந்த இனிப்புப் பானங்களையும் 2028 முதல் இதற்குள் கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அது சரியான முடிவு.

இனி மறுபக்கம். குளிர்பானத்தோடு சேர்த்து பிஸ்கட், கேக், சாக்லேட், காலை சீரியல், யோகர்ட், ஐஸ்கிரீம் இவற்றிலும் 2020க்குள் 20 சதவீதம் சர்க்கரையைக் குறைக்கும்படி கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டார்கள். வரி இல்லை, கட்டாயமும் இல்லை, வேண்டுகோள் மட்டும்தான். கடைசியில் குறைந்தது 3.5 சதவீதம். சீரியலிலும் யோகர்ட்டிலும் 13 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது, மற்றவை பெரிதாக அசையவில்லை. கட்டாயம் இல்லாததை ஒரு காரணமாகச் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சமையல் தெரிந்த யாருக்கும் இன்னொரு காரணம் புரியும். குளிர்பானம் என்பது தண்ணீர், வாயு, மணம், இனிப்பு. அதிலிருந்து சர்க்கரையை எடுத்துவிட்டு ஸ்வீட்னரைப் போட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். பிஸ்கட் அப்படி இல்லை. அதன் எடையில் நாலில் ஒரு பங்கு சர்க்கரையாக இருக்கலாம். மொறுமொறுப்பு, நிறம், கெடாமல் இருப்பது எல்லாமே அதை நம்பித்தான். சர்க்கரையை எடுத்தால் அந்த இடத்தை மாவோ கொழுப்போ நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பிய பிஸ்கட்டில் சர்க்கரை குறைந்திருக்கும், கலோரி குறைந்திருக்காது. கொழுப்பு கூடினால் கலோரி ஏறவும் செய்யும்.

அண்ணன் வாங்கும் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டின் கதை இதுதான். அதில் பெரும்பாலும் மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹாலை (பெயர்தான் ஆல்கஹால், போதை தராத ஓர் இனிப்பூட்டி) போட்டு இனிக்க வைக்கிறார்கள். மைதா அதே மைதாதான், எண்ணெய் அதே எண்ணெய்தான். பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பி, 100 கிராமுக்கு எத்தனை கலோரி, எவ்வளவு நார்ச்சத்து என்று சாதாரண பிஸ்கட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நாட்டின் மொத்தச் சாப்பாடு என்ன ஆனது? பிரிட்டனில் 2008 முதல் ஆண்டு தவறாமல் ஓர் உணவுக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2016-19 காலத்தில் பெரியவர்கள் சாப்பிட்ட ஃப்ரீ சுகர்ஸ் மொத்த கலோரியில் சுமார் 10 சதவீதம். பிள்ளைகளிடமும் பதின்வயதினரிடமும் சுமார் 12. பதின்வயதினரிடம் அதற்கு முந்தைய பத்தாண்டின் தொடக்கத்தில் இது 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 5 சதவீத இலக்கு இன்னும் தூரத்தில் இருந்தாலும் நல்ல இறக்கம்தான். அதே கணக்கெடுப்பில் நார்ச்சத்துப் பக்கத்தைப் பாருங்கள். பெரியவர்களின் சராசரி 20 கிராமுக்குச் சற்றுக் கீழே. 30 கிராம் இலக்கைத் தொட்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. நாளைக்கு ஐந்து பங்கு காய்கறி, பழம் என்ற பரிந்துரையை எட்டியவர்கள் பெரியவர்களில் மூன்றில் ஒருவர், 11 முதல் 18 வயதினரில் 12 சதவீதம்தான். காய்கறியும் நார்ச்சத்தும் பல ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கின்றன. பிரிட்டன் அரசின் உணவு வழிகாட்டியில் உள்ள ஒன்பது பரிந்துரைகளையும் ஒருசேரக் கடைப்பிடிப்பவர்கள் எத்தனை பேர் என்று 2020இல் ஓர் ஆய்வு பார்த்தது. ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. மிகக் குறைவாகக் கடைப்பிடிக்கப்பட்டது எது தெரியுமா? நார்ச்சத்து.

அதாவது, சர்க்கரையை எடுத்தார்கள், அந்த இடத்துக்கு நல்லது எதுவும் வரவில்லை. ஒரு பிள்ளை சர்க்கரை பானத்திலிருந்து டயட் பானத்துக்கு மாறினால் பல்லுக்கு நல்லது, எடைக்கும் ஓரளவு நல்லது. ஆனால் அந்தப் பிள்ளையின் தட்டில் ஒரு கேரட் துண்டுகூடக் கூடவில்லை.

அப்படியானால் சர்க்கரை கூடும்போது தரம் குறைவது ஏன்? இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது நேரடிக் கணக்கு. சர்க்கரையில் கலோரியைத் தவிர எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி போதும் என்றால், அதில் 400ஐச் சர்க்கரை எடுத்துக்கொண்டால் மீதி 1600இல்தான் முழு நாளுக்கான இரும்புச்சத்து, ஃபோலேட், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் வந்தாக வேண்டும். சுவீடனில் இரண்டு பெரிய மக்கள் தொகுதிகளை வைத்துப் பார்த்தபோது, சேர்த்த சர்க்கரை கூடக்கூட ஒன்பது நுண்சத்துகள் படிப்படியாகக் குறைந்தன. இத்தனை சதவீதம் வரை பரவாயில்லை, அதற்கு மேல் ஆபத்து என்று கோடு போடும்படியான இடம் தெளிவாக இல்லை.

இரண்டாவது, சர்க்கரை தனியாக வருவதில்லை. அமெரிக்காவில் மக்கள் சாப்பிடும் சேர்த்த சர்க்கரையில் கிட்டத்தட்ட 90 சதவீதம், தொழிற்சாலையில் அதிகமாகப் பதப்படுத்தி வரும் உணவுகள் வழியாகத்தான் போகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த வகை உணவுகள் அங்கே மொத்த கலோரியில் பாதிக்கு மேல். பிரிட்டனிலும் ஏறக்குறைய அதே நிலை. அந்த பாக்கெட்டுக்குள் சர்க்கரையோடு உப்பும், மலிவான எண்ணெயும், நார் நீக்கிய மாவும் சேர்ந்தே வருகின்றன. அதனால் ஒருவர் எவ்வளவு சர்க்கரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தால், அவர் மற்றபடி என்ன சாப்பிடுகிறார் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். ஊகிக்க உதவுகிறது என்பதற்காக, அதை மட்டும் பிடுங்கி எடுத்தால் மற்றதெல்லாம் திருந்திவிடாது.

சுவீடனில் இன்னொரு ஆய்வும் நடந்தது. இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது சர்க்கரையை அறவே ஒதுக்கியவர்களிடம் இல்லை. கலோரியில் 7.5 முதல் 10 சதவீதம் சேர்த்த சர்க்கரையாகச் சாப்பிட்டவர்களிடம்தான். 20 சதவீதத்துக்கு மேல் போனவர்களுக்கு ஆபத்து தெளிவாகக் கூடியது. 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களிடமும் சற்றுக் கூடியது. இதைப் பார்த்துச் சர்க்கரை உடம்புக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏற்கெனவே நோய் வந்ததால் சர்க்கரையை நிறுத்தியவர்கள், சாப்பிடுவதே குறைந்துபோனவர்கள், சாப்பிட்டதைக் குறைத்துச் சொன்னவர்கள் எல்லாம் அந்தக் கீழ்ப்படியில் இருந்திருப்பார்கள்.

குறைத்துச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. இந்தத் துறையின் பெரிய தலைவலியே அதுதான். உணவுக் கணக்கெடுப்பில் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மக்கள் காய்கறியை மறப்பதில்லை. பிஸ்கட்டை மறந்துவிடுகிறார்கள். உடல் உண்மையில் எரிக்கும் சக்தியை, தனியாக அடையாளம் காணக்கூடிய அணுக்கள் (ஐசோடோப்) கலந்த நீரைக் கொடுத்து அளந்து பார்த்தால், பிரிட்டன் கணக்கெடுப்பில் பெரியவர்கள் தாங்கள் சாப்பிடுவதில் கால் பங்குக்கு மேல் விட்டுவிடுவது தெரிகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நடக்கும் நீண்டகால ஆய்வில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். ஒரே ஆட்களிடம் எவ்வளவு சர்க்கரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார்கள், சிறுநீரில் சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரை, எவ்வளவு என்றும் அளந்தார்கள். வாயால் சொன்ன கணக்குப்படி, அதிகச் சர்க்கரை சாப்பிட்டவர்கள் ஒல்லியாக இருந்தார்கள். சிறுநீர்க் கணக்குப்படி, அதிகச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்கே பின்னால் எடை கூடியிருந்தது. ஒரே ஆட்கள், நேரெதிர் முடிவு. சர்க்கரைக்கும் உடல்பருமனுக்கும் சம்பந்தமே இல்லை என்று எங்காவது படித்தால், அந்த ஆய்வில் சர்க்கரையை எப்படி அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

சர்க்கரையைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது என்பதற்கு என்னைப் பொறுத்தவரை மிக வலுவான ஆதாரம் 2019இல் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் அதிகமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஒரே அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், வேண்டாததை மிச்சம் வைக்கலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரங்களில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். பரிமாறிய சர்க்கரை ஒன்றாக இருந்தும் இந்த வித்தியாசம். பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். மெல்லவே தேவையில்லாத உணவு, வயிறு நிறைந்தது தெரிவதற்குள் உள்ளே போய்விடுகிறது.

இதை ஒரு பிரிட்டன் கடை அலமாரியில் வைத்துப் பார்ப்போம். தக்காளிச் சாற்றில் வேகவைத்த பேக்டு பீன்ஸ் டின்னில் பாதி, சுமார் 200 கிராம். அதில் சர்க்கரை 9, 10 கிராம் வரை வரும். சர்க்கரையை மட்டும் எண்ணுபவர் அதை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போவார். ஆனால் அதே பாதி டின்னில் 7, 8 கிராம் நார்ச்சத்தும் சுமார் 10 கிராம் புரதமும் இருக்கின்றன. அன்றைய ஐந்து பங்கில் ஒன்றாகவும் கணக்கில் சேரும். உப்பு கொஞ்சம் அதிகம், அதுதான் குறை. பக்கத்து அலமாரியில் டயட் கோலா: சர்க்கரை பூஜ்யம், நார்ச்சத்து பூஜ்யம், புரதம் பூஜ்யம். காலைச் சாப்பாட்டையும் பாருங்கள். சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு கிண்ணத்தில் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை, முழுக் கோதுமையில் செய்யும் வீட்டாபிக்ஸ் சீரியல் இரண்டு துண்டில் ஒன்றரை கிராம் சொச்சம். சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு கிராமைத் தொடுவதே கஷ்டம், வீட்டாபிக்ஸில் ஏறக்குறைய 4 கிராம். இந்த இரண்டில் எது நல்லது என்று சர்க்கரை அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

லேபிளில் ஒரு சிக்கலும் உண்டு. பிரிட்டன் பாக்கெட்டில் அச்சிடுவது மொத்தச் சர்க்கரை. எதுவும் சேர்க்காத யோகர்ட்டிலும் 100 கிராமுக்கு 5 கிராம் வாக்கில் காட்டும், அது பாலின் லாக்டோஸ். பழ யோகர்ட்டில் 12 என்று போட்டிருந்தால் அதில் ஏறக்குறைய 5ஐக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சேர்த்த சர்க்கரையை லேபிளில் தனியாக அச்சிட வேண்டும் என்று 2016இல் விதித்து, பெரிய கம்பெனிகளுக்கு 2020 முதல் கட்டாயமாக்கிவிட்டார்கள். பிரிட்டனும் அதைச் செய்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது அங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். 1990களில் அவர்கள் எதிரியாகப் பார்த்தது கொழுப்பை. 1992இல் நபிஸ்கோ கம்பெனி ஸ்நாக்வெல்ஸ் என்று கொழுப்பில்லாத பிஸ்கட்டை இறக்கியது, பிய்த்துக்கொண்டு விற்றது. கொழுப்புக்குப் பதில் சர்க்கரையும் மாவும். பிறகு சர்க்கரை எதிரியானது. சேர்த்த சர்க்கரை 1999-2000இல் ஆளுக்கு நாளைக்குச் சுமார் 100 கிராமாக இருந்தது, 2007-08இல் 77 கிராமாகக் குறைந்தது. குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு சோடா பானங்களால். ஆனால் பெரியவர்களிடையே உடல்பருமன் 1999-2000இல் 30.5 சதவீதமாக இருந்து 2017-18இல் 42.4க்குப் போனது. உணவின் தரத்தை 100க்கு மதிப்பிடும் அவர்களுடைய அட்டவணையில் நாட்டின் சராசரி 60ஐத் தாண்டவில்லை. ஒரு சத்தை மட்டும் குறிவைத்தால், பாக்கெட்டில் எழுதியிருப்பதை மாற்றிவிட்டுப் பொருள் அலமாரியிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

உலக அளவில் உணவால் வரும் இறப்புகளை 195 நாடுகளில் கணக்கிட்ட ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முதல் மூன்று காரணங்கள்: உப்பு அதிகம், முழுதானியம் குறைவு, பழம் குறைவு. உணவு சம்பந்தமான இறப்புகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றால்தான். இனிப்புப் பானங்கள் பட்டியலில் வெகு கீழே. தட்டில் இருக்கக் கூடாதது இருப்பதைவிட, இருக்க வேண்டியது இல்லாததே பெரிய அடி.

ஏன் இல்லை என்று கேட்டால் அறியாமை என்று சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனில் ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் அரசு பரிந்துரைக்கும்படி சாப்பிட வேண்டுமானால் கைக்கு வரும் வருமானத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கே கொடுக்க வேண்டும் என்று ஃபுட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் 2023 அறிக்கை சொல்கிறது. வசதியான ஐந்தில் ஒரு பங்கினருக்கு அது 11 சதவீதம்தான். ஒரு கலோரிக்கு எவ்வளவு விலை என்று பார்த்தால் பிஸ்கட் மலிவு, ஸ்ட்ராபெர்ரி ஆடம்பரம். இது புதிதும் இல்லை. 1874இல் பிரிட்டன் சர்க்கரை மீதான சுங்க வரியை அறவே எடுத்த பிறகு, ஆலைத் தொழிலாளிக்கு ஜாம் தடவிய ரொட்டியும் சர்க்கரை போட்ட டீயும்தான் மலிவான சாப்பாடு. பின்னாளில் அந்த டீயில் ஒரு பகுதி இலங்கை மலையில் நம் ஆட்கள் பறித்தது. அந்தச் சாம்ராஜ்யத்தின் கரும்புத் தோட்டங்களில், மொரிஷியஸிலும், 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து கொண்டுபோய் இறக்கிய தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும், நம் ஆட்களின் உழைப்பு இருந்தது. பிரிட்டனின் இனிப்புப் பழக்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

இவ்வளவும் எழுதியதால் சர்க்கரை ஒரு பொருட்டில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு வயதில் அது மிகப் பெரிய பொருட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பிரிட்டனில் சர்க்கரை ரேஷன் நீடித்தது, 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. நீங்கியவுடனே பெரியவர்கள் சாப்பிடும் அளவு நாளைக்குச் சுமார் 40 கிராமிலிருந்து 80க்குத் தாவியது. மற்ற உணவுகள் பெரிதாக மாறவில்லை. ரேஷன் நீங்குவதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டு 2024இல் சயன்ஸ் இதழில் டாடியா கிராச்னர் குழு எழுதியது. கருவிலும் முதல் இரண்டு வருடமும் ரேஷனுக்குள் கழித்தவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து சுமார் 35 சதவீதம் குறைவு, ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதம் குறைவு. அண்ணன் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அல்லது அண்ணி கர்ப்பமாக இருந்தால், சர்க்கரையில் கறாராக இருப்பதற்கு என் முழு ஆதரவு. உலக சுகாதார நிறுவனத்துக்காக நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் தொகுத்ததும் அண்ணனுக்குப் பயன்படும். பெரியவர்கள் சர்க்கரையைக் குறைத்தபோது சராசரியாக 0.8 கிலோ எடை குறைந்தது. ஆனால் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே கலோரிக்கு வேறு மாவுச்சத்தைக் கொடுத்த ஆய்வுகளில் எடை மாறவே இல்லை.

இனி அண்ணன் வீட்டுக்கு வருவோம். நாட்டுச்சர்க்கரையும் தேனும் அந்த 30 கிராமுக்குள்தான் வரும், தனிச் சலுகை கிடையாது. டீயில் ஒரு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போட்டாலும் அதேதான். பழச்சாறு நாளைக்கு 150 மி.லி.க்கு மேல் வேண்டாம். ஆரஞ்சாக உரித்துச் சாப்பிட்டால் அந்தக் கவலையே இல்லை. பிள்ளைகளுக்கு டயட் கோக் என்பது சர்க்கரை கோக்கைவிடப் பல்லுக்கும் எடைக்கும் மேல். ஆனால் எடையைக் கட்டுப்படுத்த ஸ்வீட்னர்களை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. தினமும் குடிப்பது தண்ணீராகவோ பாலாகவோ இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் சோறு. தெற்காசியர்களுக்குப் பிரிட்டனில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து வெள்ளையர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. அதனால்தான் உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் எடைக் குறியீடு (BMI) 25 என்பதற்குப் பதில் 23இலேயே நமக்கு எச்சரிக்கை தொடங்குகிறது. நான் பேசிப் பார்த்த வீடுகளில் சர்க்கரையை ஒழித்துவிட்டுப் பெருமையாக இருப்பார்கள். மதியமும் இரவும் தட்டில் முக்கால்வாசி வெள்ளைச் சோறு, காய் ஒரு கரண்டி. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் ஒரு மாதத்துக்கு வாங்கலாம். ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 12 கிராம் வாக்கில் நார்ச்சத்து இருக்கிறது. தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும். சோற்றைப் பாதியாக்கி, கூட்டையும் பொரியலையும் இரட்டிப்பாக்கி, காலையில் முழுதானியம் ஏதாவது ஒன்று சேர்த்தால் 30 கிராம் நார்ச்சத்து எட்டக்கூடியதுதான். ஒரு வாரத்துக்குச் சர்க்கரையை எண்ணுவதை விட்டுவிட்டு இந்த ஒரு எண்ணை மட்டும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேளைச் சாப்பாட்டில் ஓட்டை இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும்.